கச்சித் திருவீதிகளும் தறிக்கூடங்களும்

முத்தி தரும் நகரங்கள் ஏழு என ஆன்றோர் வகுத்துள்ளனர். அவ்வேழனுள் தென்னாட்டில் அமைந்தது காஞ்சி மாநகரம் ஒன்றேயாகும். ஆழ்வார்களால் மங்களாசாசனம் செய்யப்பெற்ற திவ்யதேசங்களுள் 14 இந்நகர எல்லைக்குள்ளேயே உள்ளன. வைகாசிப் பிரம்மோத்ஸவத்தில் கருட சேவையைக் கண்ணாரக் கண்டு களிக்க வரும் அன்பர்கள் அத்திகிரியில் தொடங்கித் திருவெஃகா, அட்டபுயகரம், திருத்தண்கா, திருவூரகம் எனச் சந்நிதி சந்நிதியாகச் சேவித்துச் செல்கின்றனர். ஒரு சந்நிதிக்கும் மற்றொரு சந்நிதிக்கும் இடைப்பட்ட தெருக்களை நின்று நோக்குவோர் சிலரே. அத்தெருக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது பெருமாள் கோயில் வரலாற்றோடு பாவும் ஊடையுமாகக் கலந்து கிடப்பது. பிள்ளையார்பாளையம் முதலிய நெசவாளர் பகுதிகள் தம் இயல்பு கெடாமல் நிலைக்குமா என்ற வினா இன்று எழுந்துள்ளமையால், அவ்வரலாறு அறியத்தக்கதாகிறது.

செப்பேடு தரும் சான்று

நெசவாளர்க்கும் திருக்கோயிலுக்கும் உள்ள தொடர்பைப் பட்டு வாங்குவோர், விற்போர் என்ற அளவிலேயே பலரும் எண்ணுவர். பழைய ஆவணம் வேறு விதமாகக் கூறுகிறது. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உத்தம சோழர் காலத்துச் செப்பேடுகள் உள்ளன. அவை கி.பி. 10-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தவை. கச்சிப்பேட்டில் ஊரகத்து நின்றருளிய பெருமானுடைய திருக்கோயில் காரியங்கள் முறையாக நடைபெறுவதற்கான ஏற்பாட்டை அவை விரித்துரைக்கின்றன. இன்று உலகளந்த பெருமாள் சந்நிதி என வழங்குவது இத்திருக்கோயிலேயாகும்.

அச்செப்பேடுகளில் கம்புலான்பாடி, அதிமானப்பாடி, கஞ்சகப்பாடி, ஏற்றுவழிச்சேரி என நான்கு குடியிருப்புகளின் பெயர்கள் வருகின்றன. இவற்றில் வாழ்ந்தவர் பட்டசாலியர் எனப்பெற்ற நெசவாளர். திருக்கோயில் காரியங்களைக் கவனித்து வரும் பொறுப்பு இக்குடியிருப்பினரிடம் ஒப்புவிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே காஞ்சியில் நெசவாளர் தனித்தனித் தெருக்களாகக் கூடி வாழ்ந்தனர் என்பதும், அத்தெருவாரைத் திருக்கோயிலின் காவலராக அரசன் மதித்தான் என்பதும் இதனால் பெறப்படும். துணி நெய்து கொடுத்து அதற்குரிய கூலியைப் பெற்றுச் செல்லும் வெறும் வேலையாட்களாக மட்டும் அவர்கள் கருதப்படவில்லை.

விஜயநகர வேந்தர் காலத்திலும் இம்மதிப்புத் தொடர்ந்தது. காஞ்சிக் கைக்கோளர் தண்டிகை ஏறவும் சங்கு ஊதிக்கொள்ளவும் உரிமை பெற்றிருந்தனர் என்பதும், அவ்வுரிமையை எடுத்துக்காட்டிப் பிற ஊர்க் கைக்கோளரும் அதனை வேண்டிப் பெற்றனர் என்பதும் கல்வெட்டுச் செய்திகள். ஒன்று மட்டும் ஈண்டுக் குறித்தல் தகும். காஞ்சியில் தொன்றுதொட்டுப் பட்டு ஒன்றே நெய்யப்பட்டதாகச் சிலர் எழுதுவது பொருந்தாது. பருத்தி நெசவே நெடுங்காலம் இங்கு முதன்மையாக இருந்தது. பட்டு பெருந்தொழிலாகத் தழைத்தது பிற்காலத்தில்தான். இழை மாறிய போதும் தெருவும் தறியும் மாறவில்லை என்பதே கருதத்தக்கது.

மனையும் தெருவும்

நெசவாளர் மனையை வெளியிலிருந்து காண்போர்க்கு ஒரு திண்ணையும், தாழ்ந்த நாட்டோட்டுக் கூரையும், குறுகிய வாயிலுமே தெரியும். உள்ளே சென்றால் மனை நீண்டு கிடக்கும். அந்நீளமான கூடத்தில்தான் தறி இருக்கும். தறிக்குரிய குழி தரையிலேயே வெட்டப்பட்டிருக்கும். நெய்பவர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி, மிதிகளை மாறி மாறி மிதிப்பார். இதனைக் குழித்தறி என்பர்.

தறியைக் குழியில் அமைத்தது இடச் சிக்கனம் கருதி மட்டுமன்று. மண்தரையின் ஈரம் இழைகளுக்கு வேண்டும். காற்று வறண்டால் பட்டிழை விறைத்து அறுந்துபோகும். மண்குழியும் ஓட்டுக்கூரையும் வெயிற்காலத்திலும் கூடத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். சிமெண்டுத் தரையும் தளக்கூரையும் வந்தபின் அந்த இயல்பான ஈரம் குறைந்தது. மாடி வீட்டில் குழி தோண்டுவதற்கு வழியே இல்லை. பழைய மனையை இடித்துவிட்டு அடுக்குக் குடியிருப்புக் கட்டும்போது, கட்டடத்தோடு தறியும் போய்விடுகிறது என்பதைக் கட்டுவோர் பலர் உணர்வதில்லை.

தெருவின் செய்தி இதனினும் நுட்பமானது. ஒரு பாவில் பொதுவாக மூன்று புடவைகள் நெய்யப்படும். அதற்கு ஏறத்தாழ 20 கஜ நீளமுள்ள இழைகள் வேண்டும். ஆயிரக்கணக்கான அவ்விழைகளைச் சிக்கலின்றிப் பிரித்து, இழுத்துக் கட்டி, அறுந்தவற்றை முடிந்து, கஞ்சி தோய்த்து, உலர்த்திச் சுருட்ட வேண்டும். எவ்வளவு நீண்ட கூடமாயினும் அதற்குப் போதாது. ஆதலின் அப்பணி தெருவில் நடைபெறுகிறது. வைகறையில் தெருவின் இரு முனைகளிலும் முளையடித்துப் பாவை நீட்டுவர். ஒரு வீட்டார் மட்டும் செய்து முடிக்கக்கூடிய பணியன்று அது. எதிர்வீட்டாரும் பக்கத்து வீட்டாரும் இருபுறமும் நின்று கைகொடுப்பர். இன்று ஒருவர் பாவுக்கு நான்கு பேர் வந்தால், நாளை அந்நால்வர் பாவுக்கும் இவர் செல்வார். கூலி என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லாத காலம் இருந்தது.

பாவு வீட்டுக்குள் வந்தபின் பழைய பாவின் முனைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக இணைப்பர். அச்சுப் பிணைத்தல் என்பது அதன் பெயர். பெரும்பாலும் பெண்டிரே இதில் வல்லவர். சாயமிடுதல், இழை முறுக்குதல், தார் சுற்றுதல், அடை கட்டுதல் எனப் புடவை ஒன்றுக்குப் பின்னே நிற்கும் தொழில்கள் பல. இவற்றுள் ஒவ்வொன்றையும் செய்பவர் அடுத்த தெருவிலோ அதற்கடுத்த தெருவிலோ குடியிருப்பார். நெசவாளர் பகுதி முழுவதும் ஒரே தொழிற்கூடமாக இயங்கியது எனின் மிகையன்று. அதன் கூரை வானம். அதன் நடைபாதை தெரு.

இதே தெருவில்தான் உத்ஸவ காலத்தில் சுவாமி புறப்பாடும் நிகழ்கிறது. வாகனமும் திருக்குடைகளும் தடையின்றிச் செல்லத் தெரு நேராகவும் அகலமாகவும் இருத்தல் வேண்டும். பாவு நீட்டவும் அதுவே வேண்டும். புறப்பாட்டு நாளில் தெருவைப் பெருக்கி நீர் தெளித்துக் கோலமிடும் அதே கைகள் மறுநாள் வைகறையில் அங்கே முளையடிக்கும். தெரு எவருக்கும் தனிச்சொத்தன்று என்ற எண்ணத்தை இவ்விரண்டு வழக்கங்களும் சேர்ந்தே காத்து வந்தன. அண்மைக் காலத்தில் திண்ணையை இடித்து அவ்விடத்தில் கடை வைத்தலும், வாயிற்படியைத் தெருவுக்குள் நீட்டிக் கட்டுதலும், இரவெல்லாம் வண்டிகளை நிறுத்தி வைத்தலும் பெருகியுள்ளன. இவற்றால் புறப்பாட்டுக்கு நேரும் இடையூறு உடனே பேசப்படுகிறது. பாவுக்கு நேரும் இடையூறு பேசப்படுவதில்லை. வைகறையில் நிகழ்வதால் அதனைக் கண்டோரும் குறைவு.

கோர்வையின் அருமை

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை நெசவு. புடவையின் உடல் ஒரு நிறமாகவும் கரை மற்றொரு நிறமாகவும் இருக்க வேண்டுமெனில், ஒரே நாடாவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டினால் நிறங்கள் கலந்துவிடும். ஆகவே உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்வர். உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்குமிடத்தில் ஒன்றையொன்று கொக்கி போல் பற்றிக்கொள்ளும். துணி நைந்து போயினும் அந்தப் பிணைப்பு விடாது என்பது பெரியோர் அனுபவம். முந்தானைக்கு நிறம் மாற்ற வேண்டுமாயின், பழைய பாவிழை ஒவ்வொன்றோடும் புதிய நிற இழையைப் பிணைத்து நெசவைத் தொடர்வர். கோபுரக் கரை, தாழம்பூ ரேக்கு, அன்னம், மயில், யாளி, இருதலைப்பட்சி ஆகிய உருக்கள் கரையிலும் முந்தானையிலும் எழும்பும். வரதராஜப் பெருமாள் சந்நிதியின் நூற்றுக்கால் மண்டபத் தூண்களைக் கண்டவர்க்கு இவ்வுருக்களுட் சில பழகிய முகங்களாகவே தோன்றும்.

மூன்று நாடாக்களை ஒருவரே தடையின்றி ஓட்டுதல் அரிது. நெசவாளரின் பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் தரும் உதவியாள் தேவை. முற்காலத்தில் அவ்விடத்தில் பெரும்பாலும் சிறுவரே அமர்ந்தனர். தன் மகன் தொழில் கற்பதற்காக அமர்ந்தது ஒரு வகை. முன்பணத்துக்கு ஈடாகப் பிறர் தறியில் அமர்த்தப்பட்ட பிள்ளைகளும் பலர் இருந்தனர். பழம்பெருமை பேசுவோர் இதனை மறைத்தல் தகாது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும், 2009-இல் கட்டாயக் கல்விச் சட்டமும் இயற்றப்பட்டன. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றது பெரும் நன்மை. ஆயின் அவர்கள் எழுந்து சென்ற இடத்தில் உரிய கூலி கொடுத்து வளர்ந்தவர் ஒருவரை அமர்த்தும் ஏற்பாடு போதிய அளவில் செய்யப்படவில்லை. புடவையின் விலையில் இரண்டாம் ஆளின் கூலி சேர்க்கப்படாத இடங்களில், ஒருவரே நெய்யக்கூடிய எளிய நெசவுக்கு நெசவாளர் மாறினர். கோர்வை அருகி வருவதற்கு இது ஒரு தலையாய காரணம். கலையில் ஆர்வம் குன்றியது என்று நெசவாளர் மேல் பழி சுமத்துவோர் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

நாற்பது ஆண்டுகளின் இடைவெளி

காஞ்சியின் மாற்றத்தை அளப்பதற்குப் பெருமாளே ஓர் அளவுகோலை அருளியுள்ளார் எனலாம். அனந்தசரஸில் எழுந்தருளியிருக்கும் அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவந்து சேவை சாதிக்கிறார். 1939, 1979, 2019 என அண்மைக் காலச் சேவைகள் அமைந்தன. 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் நாள்தோறும் வெவ்வேறு பட்டு வஸ்திரம் சாற்றப்பெற்றுப் பெருமாள் காட்சியளித்தார். முதலில் சயனத் திருக்கோலத்திலும் பின்னர் நின்ற திருக்கோலத்திலும் லட்சக்கணக்கானோர் சேவித்தனர்.

1979-க்கும் 2019-க்கும் இடையே நிகழ்ந்தவை பல. 1985-இல் கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கீடு செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. விசைத்தறியாளர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் விசைத்தறியில் ஓடிய சேலைகள் காஞ்சிப் பட்டு என்ற பெயரைத் தாங்கிக் கடைகளில் விற்கப்படுவது நிற்கவில்லை. 2005-2006 அளவில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதற்கிடையே 1990-களின் இறுதி தொட்டு இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களில் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. எம்பெருமானார் அவதரித்த ஸ்ரீபெரும்புதூரின் பெயர் மோட்டார் வண்டித் தொழிலாலும் உலகெங்கும் அறியப்பட்டது. மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் தரும் அவ்வேலைகளுக்கு நெசவாளர் வீட்டு இளைஞர் சென்றதில் வியப்பில்லை. பத்து நாட்களும், வேலைப்பாடு மிகுந்தால் ஒரு மாதமும் குனிந்து நெய்தாலும் வருவாய் நிச்சயமில்லாத தொழிலில் பிள்ளை தங்க வேண்டும் என்று எந்தத் தந்தையும் வற்புறுத்த இயலாது. அத்திவரதரின் அடுத்த சேவை 2059-இல் அமைய வேண்டும். அன்று பெருமாளுக்குச் சாற்றும் பட்டை நெய்ய வேண்டியவர்கள் இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் இனிப் பிறக்க இருப்போருமே.

திருவெஃகாவில் எழுந்தருளியுள்ள சொன்னவண்ணம் செய்த பெருமாளின் ஐதிகம் ஈண்டு நினைவுக்கு வருகிறது. பல்லவ மன்னன் கணிகண்ணனை ஊரைவிட்டு வெளியேறப் பணித்தான். சீடன் போனபின் தமக்கு அங்கு என்ன வேலை என்று திருமழிசையாழ்வாரும் புறப்பட்டார். ஆழ்வார் வேண்டியபடி பெருமாளும் தம் அரவணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். நகரம் இருண்டது. மன்னன் ஓடிச்சென்று மன்னிப்பு வேண்டியபின் மூவரும் திரும்பினர். அவர்கள் ஓர் இரவு தங்கிய இடமே ஓரிருக்கை என வழங்குகிறது. அன்று கோயிலும் கோபுரமும் அவ்விடத்திலேயே இருந்தன. ஒரு தொண்டர் தெருவைவிட்டுப் போனதால் பெருமாளுக்கும் அங்கு இருக்கத் திருவுள்ளமில்லை என்பதை வியாக்கியானம் கேட்டு வளர்ந்த அன்பர்கள் அறிவர்.

காப்பு முயற்சிகள்

பழைய மனைகளைக் காக்கும் முயற்சிகள் நடைபெறாமல் இல்லை. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தக்ஷிணசித்ரா என்னும் காட்சியகத்தில் காஞ்சிபுரத்து நெசவாளர் மனை ஒன்றைக் காணலாம். இல்லையேல் மறைந்திருக்கக்கூடிய கட்டட முறையை இளைய தலைமுறையினர் அங்கே காண முடிகிறது. அது பாராட்டத்தக்க பணி. எனினும் மனையைப் பெயர்த்துக்கொண்டு போகலாம். 20 கஜத் தெருவையும் கைகொடுக்கும் அண்டை வீட்டாரையும் பெயர்த்துக்கொண்டு போக இயலாது.

2015-இல் மத்திய அரசு தொடங்கிய ஹிருதய் என்னும் பாரம்பரிய நகர மேம்பாட்டுத் திட்டத்தில் நாடு முழுவதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட 12 நகரங்களுள் காஞ்சியும் ஒன்று. அத்திட்டம் 2019-இல் முடிவுற்றது. பாரம்பரியம் என்றால் கோயில், குளம், மண்டபம் என எண்ணும் வழக்கம் ஆழ வேரூன்றியுள்ளது. தறி ஓடும் தெரு ஒன்றினைப் பாரம்பரியச் சொத்தாக எழுதிவைக்கும் முறை இனித்தான் வளர வேண்டும்.

மனையைக் காத்தால் தொழிலும் தானே காக்கப்படும் என்ற நம்பிக்கையும் முழுமையாகச் சரியன்று. ஜப்பான் நாட்டுப் பழைய தலைநகரான கியோட்டோவில் நிஷிஜின் என்ற நெசவாளர் பகுதி இருக்கிறது. கி.பி. 1467 முதல் 1477 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப்பின் திரும்பிவந்த நெசவாளர் அங்கே தங்கினர். அங்கும் மனைகள் குறுகிய வாயிலும் நீண்ட உட்கூடமும் கொண்டவை. பின்கட்டில் தறி இருக்கும். 2007-இல் அந்நகரம் கட்டடங்களின் உயரத்தைக் கடுமையாக வரையறுத்தது. ஆயினும் நிஷிஜின் பெயரால் விற்கப்படும் துணியில் பெரும் பகுதி தாங்கோ என்னும் தொலைவான கடற்கரைப் பகுதியில் நெய்யப்படும் நிலை முன்னரே ஏற்பட்டுவிட்டது. பழைய மனைகள் பல தங்கும் விடுதிகளாகவும் சிற்றுண்டிச் சாலைகளாகவும் மாறின. முகப்பு நிலைத்தது, தறியோசை குறைந்தது. காஞ்சியில் சந்நிதித் தெருக்களை அழகுபடுத்த விழைவோர் இதனையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

செய்யத்தக்கவை பெருஞ்செலவு பிடிப்பனவல்ல. நெசவு நடைபெறும் தெருக்களில் வைகறை தொடங்கிச் சில நாழிகை வண்டிகளை விலக்கிவைத்தல், பாவு நீட்டும் இடத்தை ஆக்கிரமிப்பின்றி ஒதுக்குதல், மனையைப் புதுப்பிப்போர் தறிக்கூடத்தை மண்தரையோடு நிறுத்திக்கொள்வதற்கு உதவுதல், கோர்வைக்கு இரண்டாம் ஆளின் கூலியைச் சேர்த்தே விலை குறித்தல் ஆகியன இவற்றுள் முக்கியமானவை. இழையும் ஜரிகையும் கொடுத்துக் கூலியும் வழங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் இந்நகரில் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. அவற்றின் வாயிலாகவே இவற்றுட் பலவற்றை நிறைவேற்ற முடியும். திருக்கோயிலாரும் பெருமாளுக்குச் சாற்றும் வஸ்திரங்களை எங்கோ ஒரு கடையில் வாங்காமல் இத்தெருக்களிலேயே நெய்வித்துப் பெறுவது தகும். பட்டசாலியர்க்கு உத்தம சோழர் அளித்த மதிப்புக்கு அதுவே ஏற்ற தொடர்ச்சியாகும்.

உத்ஸவத்துக்கு வரும் அன்பர்கள் பட்டு வாங்க விரும்பினால், கரையைப் புரட்டிப் பார்த்தல் நன்று. கோர்வைப் புடவையின் பின்புறத்தில் உடலும் கரையும் சந்திக்கும் கோட்டில் இரு நிற இழைகளும் கோத்துக்கொண்டிருப்பது கண்ணுக்கும் விரலுக்கும் தெரியும். ஜரிகை எதனால் ஆனது, எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்று கேட்டு, பட்டு முத்திரையும் கைத்தறி முத்திரையும் பார்த்து, ரசீதுடன் பெறுதல் வேண்டும். தெருவில் பாவு நீட்டும் பணியைக் காண விழைவோர் பிள்ளையார்பாளையம் பக்கம் விடியற்காலையிலேயே செல்லுதல் நலம். வெயில் ஏறினால் இழை விறைத்துவிடும் என்பதால் அதற்குள் அவர்கள் பாவைச் சுருட்டி உள்ளே எடுத்துச் சென்றுவிடுவர். இழைகளைத் தாண்டாமலும் தொடாமலும் தெருவோரமாக நிற்பவர்க்கு அவ்வீட்டார் மகிழ்ந்தே விளக்கம் கூறுவர்.